கையைப் பார்க்காதே, கொழுந்தைப் பார்

"இது என்ர கை இல்லத் தம்பி. வேற ஆரோட கையோ என்ர தோளில வந்து தொங்கிற மாதிரிக் கிடக்கு."

2010 கடைசியில், மழை விடாத ஒரு மாலைநேரம், லயத்து வாசலில் அமர்ந்து அக்கா இப்படிச் சொன்னார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஐந்தும் இருந்தன. மடக்கினால் மடங்கின, நீட்டினால் நீண்டன. பெருவிரல் நுனியிலும் சுட்டுவிரல் நுனியிலும் கொழுந்துக் கறை கறுத்துப் போயிருந்தது. காலையிலிருந்து கொழுந்து பறித்தது அந்தக் கைதான். ஆனால் பறித்தது தான் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை.

நான் பசறையில் பிறந்து வளர்ந்தவன், விஞ்ஞானம் படிப்பிப்பவன். அன்று அதை மனவேதனையில் வந்த ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். தன் உடம்பைப் பற்றி அவர் மிகத் துல்லியமான ஓர் அவதானத்தைச் சொல்லியிருந்தார் என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் சென்றன. கை காலில் காயப்பட்டு, அதன்பின் நடக்கவோ தைக்கவோ எழுதவோ மறுபடி பழகியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களில் பலர் இதே வசனத்தை வேறு சொற்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு பெரியம்மா குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. அந்த வருடமும் பிறகு 1983 இலும் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அதுவும் ஒன்று. அக்கா கிளிநொச்சியில் பிறந்தவர். தேயிலைச் செடியையே கண்டதில்லை. 2009 இல் மாத்தளனில் ஒரு ஷெல் துண்டு அவருடைய வலது முன்கையைக் கிழித்தது. அத்தானை அங்கேயே இழந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல், வைத்தியசாலை, செட்டிகுளம் முகாம் எல்லாம் கடந்து, அடுத்த வருடம் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். தாய் உயிருக்குப் பயந்து விட்டுப்போன அதே மலையில் மகள் பேர் பதிந்தார்.

கொழுந்தெடுக்கப் பழக்கிவிட்டது என் அம்மா. அம்மா பாடம் சொல்லும் முறை எனக்குத் தெரியும், ஏனென்றால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் எனக்கும் அதே பாடம் நடந்தது. நான் தோற்றேன். இரண்டு இலையும் அரும்பும் என்று படித்திருந்தேன், ஒவ்வொரு அரும்பையும் பார்த்து, விரலை அதன் கீழ் வைத்து, ஒடித்து, ஒடித்ததைப் பார்த்து, கூடையில் போட்டேன். பக்கத்து நிரையில் பெண்கள் சிரித்தார்கள். அம்மா சொன்னது ஒன்றுதான்: "கைய பாக்காதடா. கொழுந்த பாரு. கை தானா போகும்."

கை தானாகப் போகும் என்பது எனக்கு அன்று மந்திரம் மாதிரி இருந்தது. அம்மாவின் கைகளைப் பார்த்தால் அது உண்மை என்றும் தெரிந்தது. இரண்டு கையும் மட்டக்கம்புக்கு மேலே எழும்பி நிற்கும் தளிர்களின் மீது பறக்கும். உள்ளங்கை நிரம்பியதும் தோளுக்கு மேலால் பின்னால் கூடைக்குள் வீசும். அதற்கிடையில் அம்மா அடுத்த லயத்துக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எப்படி ஒடிக்கிறீர்கள் என்று நிறுத்திக் கேட்டால் கை தடுமாறும். "கேக்காத, கெட்டுப்போகுது" என்பார்.

இதை ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1998 இல் காபிரியேல வுல்ஃப் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும், பனிச்சறுக்குப் பயிற்சிக்கான ஒரு பொறியில் ஆட்களை ஏற்றிப் பழக்கினார்கள். ஒரு குழுவிடம் உங்கள் பாதத்தைக் கவனியுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களைக் கவனியுங்கள் என்றார்கள். வித்தியாசம் சில அங்குலம்தான். ஆனால் சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதன்பின் பல விளையாட்டுகளிலும் பல வேலைகளிலும் இதே விளைவு கிடைத்தது. பாடசாலைப் படியேறாத என் அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கை தானாகப் போகிறது என்றால், அது "என்" செயல் எப்படி ஆகிறது? கவனமே இல்லாமல் பறித்த 20 கிலோவையும் நான்தான் பறித்தேன் என்று அம்மா தயங்காமல் சொல்கிறார். விரல் விரலாகப் பார்த்துப் பார்த்துப் பறித்த அக்காவோ இது என் கை இல்லை என்கிறார். நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

முதலில் இரண்டு உணர்வுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் உங்கள் கையைப் பிடித்துத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கை, ஆனால் தூக்கியது நீங்கள் இல்லை. "என்னுடையது" என்பது ஓர் உணர்வு, "நான் செய்கிறேன்" என்பது இன்னோர் உணர்வு. அக்காவுக்கு இரண்டும் ஆட்டம் கண்டிருந்தன. ஆனால் வேலையில் அவரை வாட்டியது இரண்டாவது.

அந்த இரண்டாவது உணர்வு எப்படி உண்டாகிறது என்பதற்கு நரம்பியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தரும் விளக்கம் இதுதான். கையை அசைக்கும்படி மூளை தசைக்குக் கட்டளை அனுப்பும்போது, அந்தக் கட்டளையின் ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்கிறது. அந்தப் பிரதியைக் கொண்டு, இன்னும் ஒரு கணத்தில் விரல் நுனியில் என்ன படும், கண்ணில் என்ன தெரியும், காதில் என்ன கேட்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு உண்மையில் வந்து சேரும் உணர்வோடு அதை ஒப்பிடுகிறது. கணக்கும் வரவும் பொருந்தினால் அந்த அசைவு அரவமில்லாமல் "என்னுடையது" ஆகிவிடுகிறது. பொருந்தாவிட்டால்தான் உள்ளே மணி அடிக்கிறது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் காரணம் இதுதான். 1998 இல் சாரா பிளேக்மோரும் கூட்டாளிகளும் லண்டனில் இதை மூளைப்படம் எடுத்துப் பார்த்தார்கள். தன் கையால் தொடும்போது மூளை அந்தத் தொடுகையை முன்பே எதிர்பார்த்து அடக்கி வாசிக்கிறது. மற்றவர் தொட்டால் அந்தக் கணக்கு கையில் இல்லை, உடம்பு துள்ளுகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஒப்பீடு பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது. பிரான்ஸில் ஃபூர்னெரேயும் ழனரோவும் 1998 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதை மிக எளிமையாகக் காட்டியது. ஒருவர் பலகையில் நேர்கோடு கீற வேண்டும். அவருக்குத் தன் கை தெரியாது, கணினி காட்டும் கோடு மட்டும் தெரியும். கணினி அந்தக் கோட்டை இரகசியமாக 10 பாகை வரை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்த்துவிடும். கீறுபவர் கையை எதிர்ப்பக்கம் சாய்த்து, கண்ணுக்குத் தெரியும் கோட்டை நேராக்கிவிடுவார். பிறகு, உங்கள் கை எந்தப் பக்கம் போனது என்று கேட்டால், "நேராகத்தான் போனது" என்பார். கை சரிவாகப் போயிருக்கிறது, அவருக்கே தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டைக் கீறியது தான்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சாய்வை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போன பிந்திய ஆய்வொன்றில், ஏறக்குறைய 14 பாகை வந்தபோதுதான் ஏதோ பிழை என்று ஆட்கள் உணரத் தொடங்கினார்கள்.

என் அம்மாவின் நிலை இதுதான். செடி உயரம், சரிவு, ஈரம், காற்று எல்லாவற்றுக்கும் கை தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது. அந்தத் திருத்தங்கள் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவர் நினைப்பது கொழுந்து, கிடைப்பது கொழுந்து. அவருடைய "நான் செய்தேன்" அந்த இடத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலில் இல்லை.

அக்காவின் நிலை வேறு. ஷெல் துண்டு முன்கையில் ஒரு முக்கிய நரம்பைச் சேதப்படுத்தியிருந்தது. முன்கையின் நடுவால் இறங்கும் அந்த நரம்புதான் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்ச்சியைக் கொண்டு போகிறது. கொழுந்து ஒடிக்கும் விரல்கள் அவைதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. நுனியில் தொடுகை இல்லை. இலை பட்டாலும் ஒன்றுதான், காற்றுப் பட்டாலும் ஒன்றுதான். கட்டளை போகிறது, கணக்கும் போடப்படுகிறது, ஆனால் வரவுப் பக்கத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை. "ஆரோட கையோ" என்று அவர் சொன்னது இந்த வெற்றுப் பக்கத்தைத்தான்.

வரவே இல்லாத உடம்போடு வாழ்ந்த ஒருவரைப் பற்றி மருத்துவ உலகம் நிறைய எழுதியிருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வோட்டர்மன். 1971 இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுகை உணர்வையும், கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் இழந்தார். தசைகளில் பலம் இருந்தது. ஆனால் எழுந்து இருக்கக்கூட முடியவில்லை. பிறகு, ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, மறுபடி நடக்கப் பழகினார். அவரைப் பல வருடம் ஆராய்ந்த வைத்தியர் ஜொனதன் கோல் அந்த வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதினார். வெளிச்சம் அணைந்தால் வோட்டர்மனின் உடம்பு சரிந்துவிடும். பார்வைதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வரவு.

அக்காவும் ஆரம்பத்தில் அப்படித்தான். அம்மா "கைய பாக்காத புள்ள" என்று சொல்லச் சொல்ல, அவர் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்க்காவிட்டால் விரல் இலையைப் பிடித்ததா விட்டதா என்று தெரியாது. தேவைக்கு மேல் அழுத்துவார், தளிர் நசுங்கும். இல்லாவிட்டால் முத்தல் இலையையும் சேர்த்து இழுத்துவிடுவார். ஒவ்வொரு ஒடிப்பும் ஒரு தனி வேலை. மாலையில் கண் எரிகிறது என்பார், கை வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அவர் ஒரு உபாயமும் கண்டுபிடித்தார். விரல் வழமையாக வலப்பக்கம் சறுக்குகிறது என்று கவனித்து, வேண்டுமென்றே அரும்புக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகக் குறிவைத்துப் பறித்தார். அரை நாள் நன்றாகப் போனது. பிறகு மெல்ல மெல்லக் கை அந்தப் பக்கமும் தவறத் தொடங்கியது. "நான் சொல்லுறது ஒண்டு, அது செய்யிறது ஒண்டு" என்று ஆத்திரப்பட்டார். எனக்கு அது வினோதமாக இருந்தது. பின்னாளில் மட்சோனி, கிரக்கவர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட பரிசோதனையை வாசித்தபோது அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அங்கே திரையில் தெரியும் புள்ளியைக் கணினி 45 பாகை திருப்பிவிடும். ஆட்களுக்கு உபாயத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள்: இந்த இலக்கை அடிக்கப் பக்கத்து இலக்கைக் குறிவையுங்கள். உடனே எல்லோரும் சரியாக அடித்தார்கள். ஆனால் போகப் போகப் பிழை கூடியது. அறிவு வெற்றிபெற்ற பிறகும், உடம்புக்குள் இருக்கும் அறியாத கற்றல் தன் கணக்கின்படி திருத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கற்றலுக்கு உபாயம் தெரியாது, தெரிந்தாலும் கேட்காது. அறிந்து செய்வதும் அறியாமல் கற்பதும் ஒரே கைக்குள் இரண்டு ஆட்கள் மாதிரி இழுபடும் நேரம் ஒன்று உண்டு. பழகுபவர்களுக்கு அந்த நேரம்தான் மிகவும் கொடுமை. காயப்பட்டு மறுபடி பழகுபவர்களுக்குச் சொல்லி வேலையில்லை.

இதற்கிடையில் கொழுந்து மடுவத்துத் தராசுக்கு நரம்பும் தெரியாது, சிறுமூளையும் தெரியாது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். முதல் மாதங்களில் அக்காவுக்குப் பெரும்பாலான நாட்கள் அரைப்பேர்தான் விழுந்தது. முழுநாள் நின்று அரைநாள் சம்பளம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபின் பல தோட்டங்களில் கிலோவும் ஏற்றப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஏற்றிய கிலோவை ஈடுசெய்வது விரல்தான். காயப்பட்ட விரலுக்கு வேறு தராசு கிடையாது.

மாற்றம் எப்போது வந்தது என்று அக்காவுக்கே திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருட வெயில் காலம் என்கிறார். ஒருநாள் பக்கத்து நிரைப் பெண்ணோடு பேச்சு. இவருடைய வன்னித் தமிழைப் பிடித்துக் கேலி செய்துகொண்டிருந்தாள் அந்தப் பெண், "என்ர கை, உன்ர கை" என்று. இவரும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிரை முடிந்து திரும்பியபோது கூடை கனத்தது. எப்போது பறித்தோம் என்று நினைவில்லை. "அண்டைக்கு நான் கையைப் பாக்கேல்லை" என்றார்.

கண்ணால் பார்க்காமல், தொடுகையும் இல்லாமல், எப்படி? நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் தந்த பதில் "சத்தம்". நல்ல இளங்கொழுந்து ஒடியும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முத்தல் என்றால் அந்தச் சத்தம் வராது, நார் இழுபடும். அதோடு மணிக்கட்டிலும் முழங்கையிலும் ஒரு சிறிய அதிர்வு ஏறும், அங்கே நரம்பு நல்லாக இருக்கிறது. விரல் நுனி சொல்லவேண்டியதைக் காதும் மணிக்கட்டும் சொல்லத் தொடங்கியிருந்தன. வரவுப் பக்கம் மறுபடி நிரம்பியது, வேறு எழுத்தில்.

சத்தம் என்றதும் லண்டனில் பட்ரிக் ஹகார்ட் 2002 இல் செய்த பரிசோதனையைச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் தன் விருப்பப்படி ஒரு சாவியை அழுத்துவார். கால் செக்கன் கழித்து ஒரு ஒலி வரும். அழுத்திய நேரத்தையும் ஒலி வந்த நேரத்தையும், சுழலும் முள்ளைப் பார்த்துச் சொல்லவேண்டும். தானாக அழுத்தியவர்களுக்கு அந்த இரண்டும் உண்மையில் இருப்பதைவிட நெருங்கி நடந்ததாகத் தோன்றியது. பிறகு காந்தத் தூண்டலால் மூளையை உசுப்பி, அவர்கள் நினையாமலேயே விரலைத் துள்ளவைத்தார்கள். அப்போது அதே இடைவெளி நீண்டு தெரிந்தது. நான் செய்தேன் என்ற இடத்தில் செயலும் விளைவும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன, என்னைக்கொண்டு செய்விக்கப்பட்டது என்ற இடத்தில் விலகி நிற்கின்றன. ஒடிப்பும் 'டிக்' சத்தமும் அக்காவுக்கு ஒட்டிக்கொண்ட நாளில்தான் அந்தக் கை அவருடையதானது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், யாரும் அக்காவை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அளக்கவில்லை.

செயற்கைக்கால் போட்டவர்களுக்கும் இதில் சொந்தக் கதை இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்கிவருகிறது. அந்த இறப்பர்ப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. முதல் கிழமைகளில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். பிறகு ஒருநாள் பார்ப்பதை நிறுத்துகிறார்கள். தரையின் செய்தி இப்போது பாதத்திலிருந்து வருவதில்லை, கால் துண்டு உறையில் அழுந்தும் இடத்திலிருந்து வருகிறது. மூளை அதை "நிலம்" என்று வாசிக்கப் பழகிவிடுகிறது. இன்னொரு பக்கம், இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலிக்கிறது என்பவர்களுக்கு, சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். அதை விரித்தால், பல வருடமாக மூடியிருந்த "கை" திறந்துகொண்டது என்று சிலர் சொன்னார்கள். எல்லோருக்கும் அது பலித்ததில்லை. ஆனால் கட்டளைக்கு ஒரு வரவு, பொய்யான வரவு என்றாலும், கிடைத்தால் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அது சாட்சி.

இதுவரை சொன்னது நரம்பின் கதை. ஆனால் "நான் செய்கிறேன்" என்பதை நரம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. 2016 இல் எமிலி காஸ்பாரும் ஹகார்டும் இன்னும் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு பேர் எதிரெதிரே. ஒருவர் சாவியை அழுத்தினால் மற்றவருக்குச் சிறிய மின்னதிர்ச்சி போகும், அழுத்தியவருக்குக் கொஞ்சம் காசு. சில சுற்றுகளில் அழுத்துவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். சில சுற்றுகளில் பக்கத்தில் நிற்கும் ஆய்வாளர் உத்தரவிடுவார். விரல் அதே விரல், அசைவு அதே அசைவு. ஆனால் உத்தரவின் கீழ் அழுத்தியபோது, செயலுக்கும் ஒலிக்குமான இடைவெளி நீண்டு தெரிந்தது. கட்டளைக்குக் கீழ்ப்பட்ட கை, தன் உடையவரிடமிருந்தே ஒரு அடி விலகி நின்றது.

ஒரு ஆய்வுகூடச் சாவியை அப்படியே தூக்கி மலையிலோ போர்க்களத்திலோ வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் ஆட்களில் எத்தனை பேர் வாழ்நாளில் பாதியை உத்தரவின் கீழ் அசைத்திருக்கிறார்கள்! பெரட்டுக் களத்தில் தொடங்கும் நாள், பின்னால் நிற்கும் கங்காணியின் குரல். வன்னியில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் துவக்கு ஏந்திய பிள்ளைகள். சோதனைச்சாவடியில் கையைத் தூக்கு என்றால் தூக்கிய எல்லோரும். "நான் செய்யல, செய்ய வச்சாங்க" என்று ஒருவர் சொல்லும்போது தப்பிக்கப் பார்க்கிறார் என்று நாம் சட்டென்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அவர் தன் உள்ளே உண்மையில் உணர்ந்ததைச் சொல்லியிருக்கக்கூடும். அதனால் நடந்ததன் பொறுப்பு இல்லாமல் போகிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. உத்தரவிட்டவரின் பங்கை எடுத்து எழுதாமல் அந்தக் கணக்கை முடிக்க முடியாது என்பதே என் எண்ணம்.

அக்காவிடம் இன்னொரு அசைவும் இருந்தது. அதை அவர் கற்க விரும்பவில்லை, ஆனால் யாரைவிடவும் நன்றாகக் கற்றிருந்தார். சத்தம் கேட்டால் தரையில் விழுவது. 2008, 2009 மாதங்களில் அந்த அசைவுதான் அவரையும் மகளையும் உயிரோடு வைத்திருந்தது. யோசித்து விழுந்தால் பிந்திவிடும், ஆகவே யோசனை இல்லாமல் விழ உடம்பு பழகியது. பசறைக்கு வந்தபிறகும் அது போகவில்லை. முதல் தீபாவளியில் லயத்துப் பிள்ளைகள் வெடி கொளுத்தியபோது, தேநீர்க் கோப்பையோடு அப்படியே நிலத்தில் கிடந்தார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "நான் விழேல்லத் தம்பி, உடம்பு விழுந்திட்டு" என்று வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க முடியவில்லை.

அடுத்தடுத்த தீபாவளிகளில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். பிறகு ஒரு வருடம் மகள்தான், அப்போது ஓ.எல். படித்துக்கொண்டிருந்தாள், வெடியையும் நெருப்புக் குச்சியையும் தாயின் கையில் கொடுத்தாள். நீங்களே கொளுத்துங்க அம்மா என்றாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கிச்சுகிச்சுக் கணக்கு இங்கேயும் பொருந்தும் என்று எனக்கு அந்த நிமிடம்தான் பொறி தட்டியது: தானே உண்டாக்கும் ஒலிக்கு மூளை அடக்கமாகத்தான் எழும்பும், அதே ஒலி வெளியிலிருந்து வந்தால் அதிகமாக எழும்பும் என்பது பலமுறை அளக்கப்பட்ட விடயம்.

அக்கா இடது கையால் குச்சியை உரசி, வலது கையில் மாற்றிப் பிடித்து, திரியில் வைத்தார். உணர்ச்சி இல்லாத விரல் என்பதால் சூடு தெரியாது, நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். திரி சீறியது. இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். வெடித்தது. தோள் மட்டும் ஒருமுறை தூக்கிப் போட்டது. நின்றுகொண்டே இருந்தார். மகள் கை தட்டினாள்.

அடுத்த லயத்துப் பையன் ஒருவன், சொல்லாமல் கொள்ளாமல், பீலிக்கரைப் பக்கம் இன்னொன்றைக் கொளுத்திப்போட்டான். அக்கா நிலத்தில் இருந்தார். இந்த முறை எழுந்தபோது வெட்கப்படவில்லை. அந்தப் பையனை நல்லாகத் திட்டினார், பிறகு மகளிடம் திரும்பி, இன்னும் எத்தனை வெடி மிச்சம் இருக்கிறது என்று கேட்டார்.